குளிர்பதனக் கிடங்குகளில் பணிப் பாதுகாப்பு

குளிர்பதனக் கிடங்கு என்பது எளிதில் கெடக்கூடிய பொருட்களை, ஒவ்வொன்றுக்கும் உரிய தாழ்ந்த வெப்பநிலையில் இருப்பு வைத்துக் காக்கும் கட்டடம் ஆகும். பேச்சு வழக்கில் இது கோல்டு ஸ்டோரேஜ் எனப்படுகின்றது. மீன், இறைச்சி, பால் பொருட்கள், பழங்கள், மிளகாய் வற்றல், புளி, மருந்துகள், தடுப்பூசிகள் முதலியன இவ்வாறு இருப்பு வைக்கப்படுகின்றன. இத்தகைய கிடங்குகளில் பொருட்களைக் கெடாமல் காப்பதும், அங்கு பணியாற்றுவோரைக் காப்பதும் ஒரே வேலை என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. நடைமுறையில் இவையிரண்டும் பல இடங்களில் முரண்படுகின்றன. குளிர் வெளியேறாதபடி இறுக மூடும் கதவு, உள்ளே இருப்பவருக்குப் பொறியாகலாம். வெப்பம் நுழையாமல் தடுக்கும் சுவர் தீயை வளர்க்கலாம். குளிரைத் தரும் வாயுவே நஞ்சாகவும் இருக்கலாம். இக்கிடங்குகளில் நிகழ்ந்த பெரும் விபத்துகள் பலவற்றை இம்முரண்பாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

சென்னையில் குளிர்பதனம்

சென்னையின் முதல் பெரிய குளிர்க் கிடங்காக மெரினா கடற்கரைக்கு எதிரே உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தைக் குறிப்பிடலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகரான பிரெடெரிக் டியூடரின் நிறுவனம் இதனை 1842 ஆம் ஆண்டில் கட்டியது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பனிக்கட்டிகள், மரத்தூளால் பொதியப்பட்டுக் கப்பலில் மதராசுக்கு வந்து இங்கு இருப்பு வைக்கப்பட்டன. இந்தியாவிலேயே பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்த பின்னர் இவ்வணிகம் நலிந்து மறைந்தது. கட்டடம் கைமாறி, 1897 இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இடமாகி, இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் உள்ளது. சுற்றுப்பகுதியின் பெயரில் மட்டும் ஐஸ் ஹவுஸ் நிலைத்துவிட்டது.

பணிப் பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் அக்கிடங்கு எளிமையானது. பனிக்கட்டியின் எடை, வழுக்கல் ஆகியவற்றைத் தவிர அங்கு அஞ்சத்தக்கது அதிகமில்லை. நஞ்சு வாயுவும், அழுத்தக் கலன்களும், மின்கம்பிகளும், எரியக்கூடிய நுரைச் சுவர்களும் இயந்திரக் குளிர்பதனத்தோடு வந்தவையாகும்.

இன்று ஆழ்வார்பேட்டை போன்ற குடியிருப்புகள் நிறைந்த நகர்ப்பகுதிகளில் பெரிய கிடங்குகளுக்கு இடமில்லை. ஆயினும் குளிர்ச் சங்கிலியின் கடைசிக் கண்ணி இத்தகைய பகுதிகளிலேயே உள்ளது. உணவகங்களின் சமையற்கூடத்தை ஒட்டிய குளிரறை, மருத்துவமனை மருந்தகம், பனிக்கூழ்க் கடையின் உறைபெட்டி ஆகியன இதில் அடங்கும். அருகிலுள்ள தேனாம்பேட்டையில் அமைந்த டி.எம்.எஸ். வளாகத்தில் மாநிலத் தடுப்பூசிக் கிடங்கு இயங்குகின்றது. 2021 சனவரி 12 அன்று தமிழ்நாட்டுக்கு வந்த முதல் கோவிட் தடுப்பூசிகள், 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட அளவில், இங்கு கொண்டுவரப்பட்டுப் பின்னர் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆள் உள்ளே நடந்து செல்லக்கூடிய அறை எதுவாயினும், அது உணவகத்தின் பின்புறத்தில் பத்தடிக்குப் பத்தடியாக இருந்தாலும், கீழே கூறப்படுவனவற்றில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

வெப்பநிலையும் பொருட்களும்

எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. உறைய வைத்த உணவுப்பொருட்கள் −18 பாகை செல்சியசு அல்லது அதனினும் தாழ்ந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும். வாழைப்பழத்தை ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்து, பழம் சரியாகப் பழுக்காமல் போகும். புளியும் மிளகாய் வற்றலும் கறுக்காமலும் நிறம் மங்காமலும் இருக்கவே குளிரில் வைக்கப்படுகின்றன; அவற்றை உறைய வைக்கத் தேவையில்லை.

இதற்குத் தடுப்பூசி சிறந்த எடுத்துக்காட்டாகும். பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு உரிய வெப்பநிலை 2 முதல் 8 பாகை வரையாகும். கல்லீரல் அழற்சி-பி, ஐந்திணைத் தடுப்பூசி, இரணசன்னித் தடுப்பூசி ஆகியவற்றில் அலுமினிய உப்பு துணைப்பொருளாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இவை ஒருமுறை உறைந்தால் அவ்வுப்புத் துகள்கள் திரண்டுவிடும். உருகிய பின்னும் பழைய நிலைக்குத் திரும்பா. குப்பியைப் பார்த்த மாத்திரத்தில் இதனைக் கண்டறிய இயலாது. எனவே ஐயத்துக்குரிய குப்பியையும், வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிய அதே தொகுதிக் குப்பி ஒன்றையும் குலுக்கி அருகருகே வைத்து, எது விரைவாகப் படிகின்றது என்று பார்க்கும் குலுக்கற் சோதனை நடைமுறையில் உள்ளது. ஐயத்துக்குரிய குப்பியும் உறைந்த குப்பியைப் போலவே விரைவாகப் படிந்தால் அதனைப் பயன்படுத்தக் கூடாது. இதற்கு மாறாக, வாய்வழி இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து கிடங்கில் உறைநிலையிலேயே வைக்கப்படுகின்றது. இரண்டையும் அறை மாற்றி வைக்கும் ஊழியர், கண்ணுக்குத் தெரியாத கேட்டினை உண்டாக்கிவிடுகின்றார்.

அறையின் வெப்பமானி காட்டுவது காற்றின் வெப்பநிலையே ஆகும். கதவு திறக்கப்பட்டதும் காற்று விரைவில் சூடாகும்; அடுக்கின் நடுவிலுள்ள பெட்டி மெதுவாகவே சூடாகும். மீண்டும் குளிர்வதற்கும் அது நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே சுவருக்கும் கூரைக்கும் தரைக்கும் இடைவெளி விட்டு, காற்று சுற்றிவரும்படி அடுக்குதல் வேண்டும். மின்தடையின்போது செய்யத்தக்க முதற் செயல் கதவைத் திறவாமல் இருப்பதாகும். 2016 திசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய நிலையில் மின்னாக்கியும் எரிபொருள் இருப்புமே பொருட்களைக் காக்கும். மின்னாக்கியைக் கிடங்கின் உள்ளேயோ காற்றோட்டமற்ற நடைவழியிலோ இயக்கினால், அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும்.

குளிரும் உடலும்

மே மாதத்துச் சென்னையில் வெளியே 40 பாகை வெயிலில் சரக்குந்திலிருந்து பெட்டி இறக்கும் ஒருவர், −20 பாகை அறைக்குள் நுழைகையில் சில அடிகளில் 60 பாகை வேறுபாட்டைக் கடக்கின்றார். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட பாதுகாப்புக் கையேடுகள் இதனைப் பெரிதாகப் பேசுவதில்லை. இங்கு முதன்மையான சிக்கல் வியர்வையாகும். நனைந்த பருத்திச் சட்டை உடல் வெப்பத்தை விரைந்து உறிஞ்சுவதால், அதன்மேல் தடித்த குளிராடையை அணிந்தாலும் பயன் குறைவு. உள்ளே செல்லுமுன் உடலைத் துடைத்து, உலர்ந்த உள்ளாடைக்கு மாறுவதற்கு ஓர் அறையும் சில நிமிடங்களும் தேவை. மாதச் சம்பள ஊழியருக்குக் குளிராடை வழங்கிவிட்டு, சுமை ஏற்றி இறக்க நாட்கூலிக்கு வருவோரைக் கைலியும் செருப்புமாக உள்ளே அனுப்புதல் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. தொப்பி, காப்பிட்ட கையுறை, வழுக்காத அடிப்பகுதி கொண்ட காலணி ஆகியன உள்ளே செல்லும் அனைவருக்கும் உரியனவாகும்.

உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்குவது தாழ்வெப்ப நிலை எனப்படுகின்றது. நடுக்கம், கை விரல்கள் சொன்னபடி கேளாமை, பேச்சுக் குழறல், சோர்வு, மனக்குழப்பம் என இது வளரும். தமக்கு இது நேர்கின்றது என்பதைப் பாதிக்கப்பட்டவரே பெரும்பாலும் உணர்வதில்லை. உறைநிலை அறையில் தனியாள் பணி கூடாது என்ற விதிக்கு இதுவே காரணம். குளிரால் வெளுத்து மரத்துப்போன விரலைத் தேய்த்தல் கூடாது. மீண்டும் உறையாது என்று உறுதியான இடத்தில், உடல் சூட்டையொத்த வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மது அருந்தினால் குளிர் தெரியாது என்பது உண்மைதான். தோலின் குருதிக் குழாய்கள் விரிந்து வெம்மை தோன்றும்; அதே வேளையில் உடல் தன் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். இதய நோய், ஆத்துமா, குளிரில் விரல் வெளுக்கும் நோய் ஆகியன உள்ளோரை உறைநிலை அறைப் பணிக்கு அமர்த்துமுன் மருத்துவ ஆய்வு தேவை.

கதவு

குளிரறைக்குள் அகப்பட்டுக்கொள்ளும் இடர், தமிழ்ப் பார்வையாளர்களுக்குத் திரைப்படத்தின் வாயிலாக அறிமுகமானது. 2019 இல் வெளிவந்த ‘ஹெலன்’ என்னும் மலையாளப் படமும், அதன் தமிழ் மறுவாக்கமாக 2021 இல் வெளிவந்த ‘அன்பிற்கினியாள்’ படமும், துரித உணவகம் ஒன்றின் உறைநிலை அறைக்குள் பூட்டப்பட்ட இளம்பெண்ணைப் பற்றியவை. இத்தகைய நிகழ்வைத் தடுப்பதற்கான கருவி மிக எளிமையானது. வெளியே பூட்டு தொங்கினாலும் உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும் விடுவிப்புக் கைப்பிடியே அது. கைப்பிடி இருந்தும் பயனற்றுப் போவது பெரும்பாலும் பனியால்தான். கதவிடுக்கில் நுழையும் ஈரக்காற்று உறைந்து, கைப்பிடியின் தண்டையும் கதவின் விளிம்பையும் பற்றிக்கொள்ளும். ஆகையால் கதவுச் சட்டத்தில் சூடேற்றுக் கம்பி பொருத்தப்படுகின்றது; கைப்பிடியை உள்ளிருந்து இயக்கிப் பார்க்கும் சோதனையும் குறித்த கால இடைவெளியில் நடத்தப்பட வேண்டும். சோதிக்கும்போது வெளியே ஒருவர் நிற்பது கட்டாயம்.

இருளில் ஒளிரும் அடையாளம், மின்தடையிலும் இயங்கும் அபாய மணி, உள்ளேயே விளக்குப் பொத்தான் ஆகியனவும் தேவை. மணியின் பொத்தானைத் தரையை ஒட்டி அமைப்பது நல்லது. விழுந்து கிடப்பவருக்கு நெஞ்சுயரத்துப் பொத்தான் எட்டாது. ஆளுக்கொரு வில்லை கொடுத்து, உள்ளே செல்கையில் வாயிற் பலகையில் மாட்டி, வெளியே வருகையில் எடுத்துக்கொள்ளும் முறை எந்த மின்னணுக் கருவிக்கும் குறைந்ததன்று. பலகையில் வில்லை இருக்கும்வரை கதவைப் பூட்டக்கூடாது.

திருட்டுக்கு அஞ்சி வாயில்களைப் பூட்டி வைக்கும் வழக்கம் இதனினும் கொடியது. சீனாவின் சீலின் மாநிலத்தில் கோழி இறைச்சிப் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் 2013 சூன் 3 அன்று தீப்பிடித்து, அம்மோனியா வெடித்தபோது சுமார் 120 பேர் மாண்டனர். வெளியேறும் கதவுகள் பூட்டப்பட்டிருந்தமை உயிரிழப்பைப் பெருக்கியது.

அம்மோனியா

பெரிய குளிர்பதனக் கிடங்குகளிலும் ஐஸ் ஆலைகளிலும் குளிரூட்டுபொருளாக அம்மோனியா பரவலாகப் பயன்படுகின்றது. இது விலை குறைந்தது. குளிரூட்டும் திறன் மிக்கது. ஓசோன் படலத்துக்குக் கேடு செய்யாதது. வளிமண்டல அழுத்தத்தில் −33 பாகை செல்சியசில் கொதிக்கும். ஒரு பங்கு நீர்ம அம்மோனியா ஏறத்தாழ 850 பங்கு வாயுவாக விரியும் என்பதால், சிறிய குழாய் உடைவு கூட ஓர் அறையை நிரப்பிவிடும்.

தமிழ்நாட்டில் கடலுணவு ஏற்றுமதியின் முக்கிய மையமான தூத்துக்குடிக்கு அருகே, புதூர் பாண்டியாபுரத்தில் உள்ள மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் 2024 சூலையில் அம்மோனியா கசிந்து, சுமார் 30 பெண் தொழிலாளர்கள் மூச்சுத்திணறலுக்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பிற மாநிலத்தவரும் இருந்தனர். அபாய அறிவிப்பும் பயிற்சியும் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்ற வினா இங்கு எழுகின்றது. தமிழில் மட்டும் எழுதி ஒட்டிய பலகை ஒடியா பேசும் தொழிலாளருக்கு உதவாது.

அம்மோனியாவின் ஒரே நற்குணம் அதன் நெடியாகும். காற்றின் பத்து இலட்சம் பங்கில் 5 பங்கு அளவிலேயே பலரால் அதனை உணர முடியும். எட்டு மணி நேரப் பணிக்கு 25 பங்கு என்பது அமெரிக்கப் பணிநல நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பாகும். 300 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாகக் கருதப்படுகின்றது. ஆயினும் நாள்தோறும் நெடியிலேயே பணிபுரிவோருக்கு மூக்கு பழகிவிடும். ‘இங்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும்’ என்று ஊழியர் கூறும் கிடங்கில் கசிவு ஏற்கனவே உள்ளது என்று கொள்ளலாம். எனவே மூக்கை மட்டும் நம்பாமல் உணர்கருவிகளைப் பொருத்துதல் வேண்டும்.

அம்மோனியா வாயு காற்றைவிட எடை குறைந்தது. ஆகையால் மேலே போய்விடும் என்று பாடநூல் அறிவு கூறும். அழுத்தத்தில் உள்ள நீர்மம் பீறிடும்போது நடப்பது வேறு. மிகக் குளிர்ந்த நுண்துளிகள் கலந்த வெண்முகில் தரையை ஒட்டிப் பரவும். தப்பிப்போர் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக முதலில் விலகி, பின்னர் காற்று வரும் பக்கம் செல்ல வேண்டும். இதற்காகவே கிடங்கின் உச்சியில் காற்றுத் திசை காட்டும் துணிக்குழல் கட்டப்படுகின்றது. அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரைவதால், வேறு வழியில்லாதபோது ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெளியேறலாம். அது வெளியேறுவதற்கு மட்டுமே. ஈரத் துணியுடன் கசிவை அடைக்க உள்ளே செல்வது தற்கொலைக்கு ஒப்பானது. கண்ணில் பட்டால் 15 நிமிடமேனும் ஓடும் நீரில் கழுவுதல் வேண்டும். அம்மோனியா ஒரு காரமாதலால் விழியை ஆழமாக அரிக்கும். வாயு முகிலை நீர்த்திவலையால் அமுக்கலாம். ஆனால், தரையில் தேங்கிய நீர்ம அம்மோனியாவின்மீது நீரைப் பாய்ச்சினால் அது நீரின் வெப்பத்தால் கொதித்தெழும்.

கசிவுகள் பல பழுது பார்க்கும்போதே நேர்கின்றன. கம்ப்ரசரின் மசகெண்ணெய் குழாய்களில் சென்று தாழ்வான இடங்களில் தேங்கும். அதனை வடித்தெடுக்கும் வேலை மிக ஆபத்தானது. எண்ணெய் வடிந்து முடிந்த கணத்தில் அம்மோனியா பீறிடும். கைவிட்டதும் தானே மூடிக்கொள்ளும் வில் பொருத்திய வால்வு இவ்விடத்தில் இருத்தல் வேண்டும். அடுத்தது, குளிர்சுருளில் படிந்த பனியைச் சூடான அம்மோனியா வாயுவால் உருக்கும் செயலாகும். குளிர்ந்த நீர்மம் நிறைந்த குழாயில் சூடான வாயுவைத் திடீரெனத் திறந்தால், நீர்மம் சுத்தியல்போல் பாய்ந்து குழாயின் முனையைத் தகர்க்கும். சாங்காய் நகரில் 2013 ஆகத்து 31 அன்று குளிர்பதன நிறுவனம் ஒன்றில் 15 பேர் இறந்த விபத்து, இத்தகைய பனி உருக்கலின்போது குழாயின் மூடி கழன்றதால் நேர்ந்தது.

சிறிய குளிரறைகளில் பயன்படும் ஃபுளோரின் சேர்ந்த குளிரூட்டுபொருட்கள் பலவற்றில் நெடி இல்லை. காற்றைவிட எடை மிகுந்தவை. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கி, உயிர்வளியை வெளியேற்றிவிடும். இந்த வகையில் அம்மோனியா நேர்மையானது எனலாம்.

உயிர்வளி குறைந்த அறைகள்

ஆப்பிள் முதலிய பழங்களை மாதக்கணக்கில் வைக்கும் கட்டுப்படுத்திய வளிமண்டல அறைகளில், உயிர்வளி 1 முதல் 3 விழுக்காடு வரை குறைக்கப்படுகின்றது. இயல்பான காற்றில் இது ஏறத்தாழ 21 விழுக்காடாகும். அத்தகைய அறைக்குள் தலையை நீட்டுபவர் எச்சரிக்கை எதுவுமின்றி மயங்கி விழுவார். அவரைத் தூக்கச் செல்பவரும் விழுவார். பனிக்கூழ், மருந்து ஆகியவற்றை அனுப்பப் பயன்படும் உலர்பனி −78.5 பாகையில் இருக்கும் திண்மக் காபனீரொட்சைட்டாகும். ஒரு கிலோ உலர்பனி அரைக் கனமீட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக மாறும் என்பதால், மூடிய சிற்றறையிலோ வண்டியிலோ அதனுடன் ஆள் இருத்தல் கூடாது.

தளம், அடுக்கு, கட்டடம்

சென்னையின் கடற்காற்று ஈரம் மிக்கது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வீரம் உள்ளே புகுந்து வாயிலில் மூடுபனியாகவும், தரையில் பனிப்படலமாகவும், குளிர்சுருளில் உறைபனியாகவும் படிகின்றது. ஃபோர்க் லிப்ட் வண்டி வெளிச்சத்திலிருந்து மூடுபனிக்குள் நுழையும் இவ்விடமே மோதலுக்கும் சறுக்கலுக்கும் உரிய இடமாகும். நெகிழித் திரைகளும் இரட்டைக் கதவு கொண்ட முன்னறையும் ஈரத்தைக் குறைக்கும். இங்கு பொருளின் நலனும் ஆளின் நலனும் ஒன்றுபடுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது. மூடிய அறைக்குள் டீசல் வண்டிகளை இயக்கலாகாது. மின்கல வண்டிகளே ஏற்றவை. அம்மோனியாக் குழாய்கள் செல்லும் உயரத்தில் வண்டியின் தூக்குகம்பம் மோதாதபடி இரும்புக் காப்புகள் அமைக்க வேண்டும்.

கூடுதல் இருப்பு மற்றோர் இடர். உத்தரப் பிரதேசத்தின் சந்தௌசி நகரில் 2023 மார்ச்சில் உருளைக்கிழங்குக் கிடங்கின் கூரை இடிந்து 14 பேர் இறந்தனர். அறுவடைக் காலத்தில் விளைச்சல் முழுவதும் ஒரே நேரத்தில் வந்து குவிவதும், அடுக்குகளும் கட்டடமும் தாங்கும் எடை எங்கும் எழுதி வைக்கப்படாமையும் இத்தகைய கிடங்குகளின் பொதுவான குறைகளாகும்.

தீ

உறைகுளிர் அறையில் தீப்பிடிக்கும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். வெப்பக்காப்பாகச் சுவர்களில் நிரப்பப்படும் பாலியூரித்தேன் நுரை தீப்பற்றினால் விரைந்து எரிந்து, நச்சுப் புகையைக் கக்கும். சாளரங்கள் இல்லாத கட்டடமாதலால் புகை வெளியேறாது. தென்கொரியாவின் இச்சியோன் நகரில் 2008 சனவரியில் 40 பேரும், அதே நகரில் 2020 ஏப்ரலில் 38 பேரும் குளிர்க் கிடங்குகளில் ஏற்பட்ட தீயில் மாண்டனர். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், ஒரே நகரில், ஒரே வகைக் கட்டடத்தில் நேர்ந்தவை இவை. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் கைவிடப்பட்ட குளிர்க் கிடங்கு 1999 திசம்பர் 3 அன்று எரிந்தபோது, புகையில் வழி தவறிய தீயணைப்பு வீரர் ஆறு பேர் இறந்தனர். நுரைச் சுவருக்கு அருகே பற்றவைப்பு வேலை நடக்கும்போது, எழுத்து வழி அனுமதியும், அணைப்பானுடன் ஒரு காவலரும், வேலை முடிந்த பின்னரும் சில மணி நேரக் கண்காணிப்பும் தேவை. சுவரின் உள்ளே புகையும் நெருப்பு வெளியில் தெரிவதில்லை.

சட்ட நிலை

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976 இல் செய்யப்பட்ட திருத்தம், பொருட்களைக் குளிர்பதனக் கிடங்கில் காத்து வைப்பதையும் ‘உற்பத்திச் செயல்முறை’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. எதையும் உற்பத்தி செய்யாத ஒரு கிடங்கு சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையானது இவ்வாறேயாகும். இதன் பயனாகத் தொழிற்சாலை ஆய்வாளர்கள் அங்கு நுழைய முடிந்தது. தமிழ்நாட்டில் இப்பணி தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தைச் சார்ந்தது.

அச்சட்டத்தின் இடத்தில், 2020 இல் இயற்றப்பட்ட பணிசார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. மின்விசை கொண்டு இயங்கும் இடம் தொழிற்சாலையாகக் கருதப்படுவதற்குப் பழைய சட்டத்தில் 10 தொழிலாளர்கள் போதும். புதிய சட்டத்தில் 20 தொழிலாளர்கள் தேவை. குளிர்பதனக் கிடங்கின் இயல்பைக் கருதினால் இம்மாற்றம் கவனத்துக்குரியது. பெரிய அம்மோனியாக் கிடங்கு ஒன்றைக் கூட இயந்திரம் இயக்குவோர், மின்பணியாளர், கணக்கர், காவலர் எனச் சிலரைக் கொண்டே நடத்திவிட முடியும். ஏனையோர் சரக்கு வரும் நாளில் மட்டும் வருகின்ற சுமைப்பணியாளர்கள். அம்மோனியாவின் அளவு தொழிலாளரின் எண்ணிக்கையைச் சார்ந்ததன்று.